நாலு ஐம்பத்தொன்றுக்குப் போன மெயில்

அன்பு மகள் சுண்டுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், கம்ப்யூட்டரும் இப்போது சௌக்கியம். அங்கே நீயும் நீ கட்டிக் காக்கும் இன்ஜினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னிடமிருந்து உனக்கு மூன்றே வார்த்தையில் ஒரு மெயில் வந்திருக்கும், வர்றோம், ரெண்டு பேரும், அவ்வளவுதான். மூன்று வாரமாக வாயே திறக்காத அப்பா திடீரென்று இப்படி எழுதியதைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாயோ. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில் இருக்கிறாள், எனக்கும் படபடப்பு அடங்கிவிட்டது, அதனால் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதில் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய தப்பும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன், நீ நேரில் வந்து அம்மா வாயால் கேட்பதைவிட என் எழுத்திலேயே படித்துவிடுவது எனக்கு நல்லது.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டுப் பிரித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, அண்ணா, நீ இவ்வளவு கிழவனாயிட்டியா என்பது. அம்மாவுக்கு லேபில் புது ரத்தப் பரிசோதனை மெஷின் வந்திருக்கிறது, ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போது இதை நான் படிக்கணுமா என்று அலுத்துக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் படித்து முடித்துவிட்டாள். நம் முன் அறைக்கு வெள்ளை அடித்தோம், சுவர் பளிச்சென்று இருக்கிறது. இந்த வெள்ளை அடித்ததில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது, ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளை அடிக்க வந்தவர் கம்ப்யூட்டர் மேஜையை நடு அறைக்கு இழுத்துப் போட்டார், நான் பின்னால் இருந்த வயரையெல்லாம் கழற்றி, மேலே பழைய போர்வையைப் போர்த்தி வைத்தேன். நீ பத்தாவது படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர், வாங்கின நாளிலிருந்து அதன் பிளக்கை யாரும் பிடுங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு நாள் கழித்து மேஜையைத் திரும்பத் தள்ளி, வயரை மாட்டி, ஆன் செய்து, உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் வந்திருக்கும் என்று மெயிலைத் திறந்தேன். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டது. எனக்கு ஆச்சரியம், இத்தனை வருடமாக அது என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. டைரியை எடுத்துப் பார்த்து, நீ எழுதிக் கொடுத்ததை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பெட்டி மறைந்தது, கண் மூடித் திறப்பதற்குள் திரும்ப வந்து நின்றது. இப்படிப் பத்துத் தடவை. வாசலில் நிற்கும் காவலாளி நம்மைத் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி, நீங்க யாரு என்று கேட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி எரிச்சல் எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, சுண்டு எழுதினாளா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். இதுதான் நான் சொன்ன தப்பு. மெயில் திறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் நீ கப்பலுக்குக் கிளம்பிய அன்றைக்கு, மெயில்ல ஏதாவது கோளாறு வந்தா உன்னால பார்த்துக்க முடியுமாப்பா என்று நீ கேட்டதற்கு, நீ உன் இன்ஜினைப் பாரு, இதை நான் பார்த்துக்கறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான். அம்மாவுக்கு வேலை இருக்கிறது, உனக்கு வேலை இருக்கிறது, எனக்கு ரிட்டயர் ஆன பிறகு இந்த வீட்டில் என் பெயர் சொல்ல இருந்த ஒரே வேலை இந்த மெயில்தான். அதுவும் வரவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சரிசெய்துவிட்டு, இன்னைக்குத்தான் வந்துது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

சும்மா இருக்கவில்லை, அதையும் நீ நம்ப வேண்டும். தினமும் அம்மா பஸ் ஏறியதும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மெயில் கம்பெனியின் உதவி நம்பருக்கு போன் செய்தேன், முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டுத் தானாகவே துண்டித்துவிட்டார்கள். கீழ் வீட்டுத் தையல்காரரிடம் கேட்டேன், அவரும் அதே மெயில்தான் வைத்திருக்கிறார். உங்க கீபோர்டு பழசு சார், ஒரு எழுத்து அமுங்காம போயிருக்கும் என்று தன்னுடையதையே கொண்டுவந்து மாட்டினார். அதிலும் பெட்டி வந்தது. என் கைகூடப் பழசுதான், அதையும் மாத்திடலாமா என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நடுவில் பாஸ்வேர்டுப் பெட்டிக்கு முன்னால் இன்னொரு அறிவிப்பும் வரும், ஏதோ பாதுகாப்புச் சான்றிதழ், தேதி என்று நாலு வரி. அதை நான் ஒரு நாள்கூட முழுசாகப் படிக்கவில்லை, வந்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடிவிடுவேன். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், அம்மா தற்செயலாக ஆன் செய்து பெட்டியைப் பார்த்துவிடக் கூடாதே என்று.

அம்மா தினமும் கேட்பதை இரண்டாவது வாரம் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கேட்கவில்லையே தவிர, டிவியில் வானிலைச் செய்தி வந்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு வந்து நிற்பாள். நமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத கடலில் காற்று அடித்தால்கூட உன் கப்பல் அங்கேதான் இருக்கிற மாதிரி அவள் முகம் மாறும். கப்பலில் போன் கிடையாது, மெயில் ஒன்றுதான் வழி என்று நமக்குத் தெரியும். அந்த ஒரு வழியும் என் மேஜையில் அடைபட்டுக் கிடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வீட்டு போன் அடித்தது. உன் கம்பெனியின் கரை ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் பேசினார், மரியாதையான குரல். கப்பல் வர்ற பதினெட்டாம் தேதி ஒரு நாள் கரைக்கு வருது சார், குடும்பத்துல ரெண்டு பேர் வந்து பார்க்கலாம், நாங்க ரெண்டு மெயில் அனுப்பியாச்சு, உங்ககிட்டேர்ந்து பதில் இல்லை, உங்க மகளும் மூணு தடவை எங்களைக் கேட்டுட்டாங்க, இன்னைக்கு அஞ்சு மணியோட பட்டியல் துறைமுகத்துக்குப் போயிடும் என்றார். பத்தொன்பது மாதம் ஆகிறது உன்னைப் பார்த்து. இப்பவே பேரைச் சொல்றேன், எழுதிக்குங்கம்மா என்று கெஞ்சினேன். முடியாது சார், பதிவு பண்ணின மெயில்லேர்ந்து பேரும் அடையாள அட்டை நம்பரும் வந்தாதான் ஏத்துப்பாங்க, துறைமுகத்துப் பாதுகாப்பு விதி, என் கையில இல்லை என்று வருத்தமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே ஓடி, தையல்காரரின் கம்ப்யூட்டரில் நம் மெயிலைத் திறக்கப் பார்த்தேன். அங்கே பாஸ்வேர்டை ஒத்துக்கொண்டது, சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அடுத்த நிமிடமே, இது புது இடமாக இருக்கிறது, உங்கள் போனுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. யார் போன் என்று பார்த்தால், கடைசி இரண்டு எண் உன்னுடையது. நீதானே எனக்கு இந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தாய், உன் நம்பரையே கொடுத்திருக்கிறாய். நடுக்கடலில், சிக்னல் இல்லாமல், உன் பெட்டிக்குள் அணைந்து கிடக்கும் போனுக்குக் கோட் போய்க்கொண்டிருக்கிறது. தையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்ப மாடிக்கு வந்து, பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், பின்னாலிருந்து முன்னால் என்று வெறி பிடித்த மாதிரி தட்டினேன். ஒன்றரை மணிக்கு, இந்தக் கணக்கையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. அதற்கான பட்டனைத் தேடிப் பிடித்து அமுக்கினேன். இதில் சேர்த்து வைத்திருக்கும் கடிதங்கள் எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து எழுதிய எட்டு வருடக் கடிதம் அதில் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை. ஒரு பக்கம் எட்டு வருடம், இன்னொரு பக்கம் அந்தப் பதினெட்டாம் தேதி. லேபுக்கு போன் போட்டு, எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். மூன்று வாரமாகப் பொய் சொன்னதையும் சேர்த்துத்தான். அவள் ரொம்ப நிதானமாக, அந்த மவுஸ்லேர்ந்து கையை எடுங்க, நான் வர்ற வரைக்கும் அந்த நாற்காலியில உட்காராதீங்க என்றாள். நான் அதன்படியே போய்ச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

தன் வேலையைப் பக்கத்து மேஜைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வரும்போது மூன்றே முக்கால். என்னை ஒரு பார்வை பார்த்தாள், திட்டவில்லை. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். லேபில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் அதில் தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் ரத்தக் குழாயை உள்ளே வைப்பாள். கண் தானாகத் திரையின் கீழ் மூலைக்குப் போயிருக்கிறது. இது ஏன் ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது என்று கேட்டாள். நான் குனிந்து பார்த்தேன். ஜனவரி ஒன்று, அதுவும் நீ பத்தாவது படித்த வருடத்து ஜனவரி ஒன்று. முப்பத்து நாலு வருடம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவன் நான், ஒரு நிமிடம் தப்பினால் டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன். என் மேஜையில் ஒரு கடிகாரம் பத்து வருடம் பின்னால் ஓடியிருக்கிறது, மூன்று வாரமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை. கையில் கட்டிய வாட்ச் இருக்கும்போது அந்த மூலையை யார் பார்க்கிறார்கள்.

நான் மூடிக்கொண்டே வந்த அந்தச் சான்றிதழ் அறிவிப்பை அம்மா வரவழைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தாள். அவள் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். மெயில் கம்பெனி நம்ம கம்ப்யூட்டருக்கு ஒரு அடையாளச் சீட்டு காட்டும், அது இந்த வருஷத்துச் சீட்டு, நம்மது இன்னும் அந்த வருஷமே பிறக்கலைன்னு நம்புது, அதனால சீட்டு போலின்னு நினைச்சு கதவைச் சாத்திடுது, பாஸ்வேர்டு மேல தப்பே இல்லை என்றாள். கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம், பிளக்கைப் பிடுங்கினாலும் அதுதான் தேதியைப் பிடித்து வைத்திருக்குமாம், அது செத்துப்போயிருக்கிறது. லேபில் ஒரு மெஷினுக்குப் போன வருடம் இதே கதி வந்ததாம். தேதியையும் நேரத்தையும் கையால் மாற்றினாள். என் வாட்சைக் கழற்றித் தரச் சொல்லி அதைப் பார்த்துத்தான் நிமிடத்தை வைத்தாள், அந்த ஒரு மரியாதையாவது எனக்குக் கிடைத்தது.

மெயிலைத் திறந்தோம். சான்றிதழ் அறிவிப்பு வரவில்லை. நான் முந்திக்கொண்டு அவசரத்தில் பாஸ்வேர்டை நாலைந்து தடவை தப்பாகத் தட்டியதும் புதிதாக ஒரு வரி வந்தது, நிறையத் தடவை தவறாக முயன்றிருக்கிறீர்கள், முப்பது நிமிடம் கழித்து வாருங்கள் என்று. மணி அப்போது நாலு ஐந்து. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, என் கை விளையாடியதற்குத் தண்டனை. அம்மா எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள், இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தோம். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன் சுண்டு. அவள் சொன்னாள், வேலை மும்முரத்துல சுண்டுவுக்கு நம்ம ஞாபகம் குறைஞ்சுடுச்சோன்னு நினைச்சேன், அதை உங்ககிட்ட சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு நானும் மறைச்சேன் என்று. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒன்றை மறைத்து வைத்திருக்கிறோம். எனக்கு அந்த மெயிலை விட்டால் இந்த வீட்டில் வேறு என்ன வேலை இருக்கிறது, அதனால்தான் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று நானும் மனசைத் திறந்து சொன்னேன். வேலை இல்லைன்னு யார் சொன்னது, தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கு என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், பிறகு நிஜமாகவே போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன், நிமிடம் நகர வேண்டுமே.

நாலு முப்பத்தாறு. டைரியைப் பார்த்து நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அம்மா தட்டினாள். பெட்டி மறைந்தது. திரும்ப வரும் என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. திரையின் அடியில், அறுபத்து மூன்று கடிதம், ஒன்றாவது வருகிறது என்று ஒரு சின்ன வரி ஓட ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு செருப்புக் கடை விளம்பரம், அதைக்கூட நான் அன்போடு பார்த்தேன். பிறகு உன் ஐந்தும் வந்தன. அம்மா வரிசையாகத் திறந்தாள். முதலாவதில் பதினெட்டாம் தேதி கரைக்கு வருகிறேன் என்று வரிக்கு வரி குதித்திருந்தாய். இரண்டாவதில் பெயரை அனுப்பினீர்களா என்று கேட்டிருந்தாய். மூன்றாவதில் கொஞ்சம் கோபம். நாலாவதில் கோபத்தை மறைக்க ஒரு தமாஷ். ஐந்தாவதில் அப்பா என்று ஒரே வார்த்தை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. உன்னை ஐந்து கடிதம் எழுத வைத்துவிட்டுப் பேசாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு.

உணர்ச்சிவசப்பட நேரம் இல்லை என்று அம்மாதான் ஆபீஸ் மெயிலைத் திறந்து பதில் எழுத ஆரம்பித்தாள். நான் இரண்டு அடையாள அட்டையையும் பிடித்துக்கொண்டு நம்பரை வாசித்தேன். ஒரு தடவை சரிபார்த்தோம், இரண்டாம் தடவை சரிபார்த்தோம், போதும் அனுப்பு என்று நான் சொன்னால், ரத்தக் குழாயில் பேர் ஒட்டுற கை இது, மூணு தடவை பார்க்காம அனுப்பாது என்று மணி ஓட ஓட மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். என் இரண்டாவது பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதை அந்த மூன்றாம் தடவையில்தான் கண்டுபிடித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு ஐம்பத்தொன்றுக்கு மெயில் போனது. நாலு ஐம்பத்தேழுக்கு அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது, இரண்டு பெயரும் சேர்ந்துவிட்டது, பாஸ் வாசலில் கிடைக்கும், மகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்று. அம்மா பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்து, கிடைச்சுடுச்சு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள், தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த துணியோடு வெளியே ஓடிவந்தார். எனக்கு ஒரு புதுச் சட்டை தைத்துத் தராமல் அனுப்பமாட்டாராம், நேற்றே அளவு எடுத்தாகிவிட்டது, வயிற்றளவைச் சத்தமாகச் சொல்லாதீங்க என்று கேட்டுக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் பேட்டரி வாங்கிவந்து நானே பின்பக்க மூடியைக் கழற்றி மாற்றினேன், உள்ளே இருந்த தூசியை வைத்து ஒரு தலையணை செய்யலாம். பிளக்கை மூன்று தடவை பிடுங்கி மாட்டிப் பார்த்தேன், தேதி அசையவில்லை. அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து மெயில் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன், அதாவது கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன், பாதியில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். பாஸ்வேர்டு இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். இனிமேல் எது நின்றாலும் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், உனக்கும் அதே வாக்கு.

நாங்கள் பதினேழாம் தேதி ராத்திரி ரயிலில் கிளம்புகிறோம், விடியும்போது இறங்கிவிடுவோம். எந்த வாசல், எந்த நேரம் என்று எழுது. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது, துணியா, புத்தகமா, அம்மா கைச் சாப்பாடு எப்படியும் வரும். இன்ஜின் சத்தத்தில் வேலை செய்யும்போது காதுக்கு மூடி போடுகிறாயா, சோம்பல்பட்டு விட்டுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கிடைக்கிற நேரத்தில் தூங்கு. கரைக்கு வந்து போனில் சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக அந்தக் கோட் வருகிற நம்பரை எங்கள் நம்பருக்கு மாற்றிக் கொடுத்துவிடு, மறக்காதே. கடலும் காற்றும் உனக்கு அனுகூலமாக இருக்கட்டும், நீ தொட்ட இன்ஜின் நிற்காமல் ஓடட்டும், நூறு வருடம் நல்லா இரு மகளே.

உன்னைக் காண நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
அப்பா

சுண்டு, அம்மா எழுதறேன். படிச்சுப் பார்த்து அனுப்பிடுன்னு சொல்லிட்டு அப்பா வெளியே போயிருக்கார். எழுதினதெல்லாம் நிஜம்தான், ஒண்ணை மட்டும் விட்டுட்டார். ரெண்டு பேரும் மேலே ஏறி வாங்க, என் இன்ஜின் ரூமைக் காட்டறேன், ஆனா ஏணி செங்குத்தா இருக்கும், அப்பா முட்டி தாங்குமான்னு உன் முதல் கடிதத்துல கேட்டிருந்தே இல்லையா. அதை நான் சத்தமா வாசிச்சப்ப அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். நேத்துலேர்ந்து காலையும் சாயங்காலமும் நம்ம கட்டடத்து நாலு மாடியும் ஏறி ஏறி இறங்கறார். காய்கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவார், வெறும் பையோட மூச்சு வாங்கிக்கிட்டுத் திரும்பி வருவார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார், நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. நேத்து நடுவுல ரெண்டு தடவை உட்கார்ந்தார், இன்னைக்குக் காலையில உட்காரவே இல்லை. ஏணியைத் துடைச்சு வை.

அம்மா